கல்விக்கடன் இல்லாமல் பட்டம்: தமிழ்நாட்டில் உள்ள வழிகள்

தமிழ்நாட்டில் ஒரு மாணவர் கடனோடு பட்டம் வாங்குகிறாரா, கடனில்லாமல் வாங்குகிறாரா என்பது பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்துக்கும் கவுன்சிலிங் முடியும் செப்டம்பருக்கும் இடையில் தீர்மானமாகிவிடுகிறது. என்ன படிப்பு என்பது ஒரு பங்குதான். எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு, எந்த வழியில் சேர்க்கை என்பவையே மீதிக் கணக்கை முடிவுசெய்கின்றன. ஒரே தனியார் பொறியியல் கல்லூரியில், ஒரே வகுப்பில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஒரு ரூபாயும் கட்டாமல் படிப்பார். இன்னொருவர் கல்விக் கட்டணத்தில் சலுகை பெற்றிருப்பார். மூன்றாமவரின் அப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருப்பார். மூவருக்கும் பாடமும் ஒன்று, பட்டமும் ஒன்று.

கடனின் எடையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய் வீதம் மொத்தம் 4 லட்சம் ரூபாய் வங்கிக் கடன், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டிலும் வட்டி நிற்பதில்லை. முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000 என்று தனிவட்டியே 1,40,000 ரூபாய் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். மொத்தம் எட்டரை லட்சத்துக்கு மேல் போகும். பதினைந்தாண்டு என்றால் தவணை 5,800 அளவுக்கு இறங்கும்; மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரிக்குக் கையில் 15,000 அல்லது 18,000 சம்பளம் வரும் ஊரில், சென்னை அறை வாடகையும் சாப்பாடும் போக 7,000 ரூபாய்த் தவணை என்பது இளமையின் பத்தாண்டை எழுதிக்கொடுப்பதுதான்.

கடன் பெருகிய கதை

கல்லூரிப் படிப்புக்குக் கடன் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலப் பழக்கம் இல்லை. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் கிண்டி, கோவை, காரைக்குடி, சேலம் என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில் இருந்த பொறியியல் கல்வி, முப்பது ஆண்டுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளாகப் பரவியது. முதல் தலைமுறைப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் உள்ளே வந்தது அதனால்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் இடம் பெருகிய அளவுக்கு அரசின் செலவு பெருகவில்லை. இடைவெளியைக் குடும்பங்கள் நிரப்பின. நன்கொடை வாங்கக் கூடாது என்று 1992இல் சட்டம் வந்த பின்னும் 'டொனேஷன்' என்ற சொல் பெற்றோர் வாயிலிருந்து மறையவில்லை.

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும் என்ற விதி வாசலை அகலமாகத் திறந்தது. 2009இல் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் சேர்ந்தது. நாட்டிலேயே கல்விக்கடன் மிகுதியாக வழங்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. பிறகு பொறியியல் வேலைச் சந்தை சுருங்கியது. தரம் குறைந்த கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை, அல்லது தவணைக்குப் போதாத சம்பளத்தில் கிடைத்தது. 2016 வாக்கில் வாராக் கல்விக்கடன்களை வங்கி ஒன்று தனியார் சொத்து மீட்பு நிறுவனத்துக்கு விற்றது; வசூல் தொலைபேசிகள் கிராமத்து வீடுகளில் ஒலித்தன. அது சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விவாதமானது. தேர்தல் அறிக்கைகளில் கடன் தள்ளுபடி வாக்குறுதிகள் வந்துபோயின. அவற்றை நம்பித் தவணை கட்டாமல் விட்டவர்களின் சிபில் மதிப்பெண் சரிந்ததுதான் கண்ட பலன்.

அரசுக் கல்லூரி என்னும் முதல் வழி

கடனில்லாப் பட்டத்துக்கு மிக நேரான வழி அரசு கலை அறிவியல் கல்லூரி. மாநிலம் முழுவதும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அரசுக் கல்லூரிகள் உள்ளன. 2007-08 முதல் இவற்றில் இளநிலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். விண்ணப்பமே இணையத்தில் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். மூன்றாண்டுப் பட்டத்தின் மொத்தச் செலவு ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலையைத் தாண்டாது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28 விழுக்காடாக இருந்த 2021-22இல் தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக இருந்ததற்கு இந்தக் கல்லூரிகள் முக்கியக் காரணம்.

இவற்றின் மீது ஊரில் ஓர் அலட்சியம் உண்டு. மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் சிறிய ஊர்க் கல்லூரிகளில் சில பாடப் பிரிவுகள் முழுதாக நிரம்புவதில்லை. அதே ஊர்ப் பிள்ளை இருபது கிலோமீட்டர் தள்ளி, ஆண்டுக்கு அறுபதாயிரம் வாங்கும் தனியார் கல்லூரிப் பேருந்தில் போய்வருவார். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் துறைகள், பழுதான ஆய்வகம் என்று அரசுக் கல்லூரிக்குக் குறைகள் உண்டு. தனியார் கல்லூரியிலும் ஆசிரியர் சம்பளமும் ஆய்வகமும் பல இடங்களில் அதைவிட மேலாக இல்லை என்பதைக் கட்டணம் கட்டிய பிறகே பெற்றோர் அறிகிறார்கள்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ், இரண்டு கல்லூரிகள் இயங்குகின்றன. காலையில் நடக்கும் உதவிபெறும் பிரிவில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. மாணவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதே கட்டடத்தில் 'செல்ஃப் பைனான்ஸ்' பிரிவில் அதே பி.காம். படிப்புக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம். சான்றிதழில் வேறுபாடு இராது. விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டரில் 'எய்டடா, எஸ்.எஃப்.பா' என்று கேட்காமல் படிவம் நிரப்பிய காரணத்தால் மட்டுமே மூன்றாண்டுக்கு லட்சக்கணக்கில் கூடுதலாகக் கட்டிய குடும்பங்கள் உண்டு. உதவிபெறும் பிரிவில் இடங்கள் வரம்புக்குட்பட்டவை என்பது உண்மை. இருக்கும் இடத்தையும் கேட்காமல் விடுவதுதான் இழப்பு.

பொறியியல், மருத்துவம்: சீட்டு வந்த வழி

தொழிற்படிப்புகளில் சீட்டு எந்த வழியில் வந்தது என்பதே எல்லாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகத் துறைகள், கோவை, சேலம், திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரிகள், பி.எஸ்.ஜி., தியாகராசர் போன்றவற்றின் உதவிபெறும் பிரிவுகள் ஆகியவற்றில் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. சுயநிதிக் கல்லூரியில் கவுன்சிலிங் இடத்துக்கு 2017இல் அரசு நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. அதே இடம் நிர்வாக ஒதுக்கீட்டில் அதிகாரபூர்வமாகவே கூடுதல். நடைமுறையில் அதற்கும் மேல்.

கவுன்சிலிங் வழியே வந்தவருக்கு மூன்று பெரிய சலுகைகள் திறந்திருக்கின்றன. அவற்றில் மிக வலுவானது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021இலும் சட்டத்தின் மூலம் இது வந்தது. இடம் மட்டும் தருவதோடு நிற்காமல், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. சுயநிதி மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் கட்டணம் இருக்கும் நிலையில், கூலித் தொழிலாளியின் மகள் மருத்துவராவது இந்தச் சட்டத்தால் நடக்கிறது. இந்தியாவில் கடனில்லாப் பட்டத்துக்கு ஒரு மாநிலம் செய்த மிகத் துணிச்சலான ஏற்பாடுகளில் இதையும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, முதல் பட்டதாரி சலுகை. 2010-11இல் தொடங்கியது. குடும்பத்தில் அதுவரை எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது; உடன்பிறந்தவர் இச்சலுகையை முன்பே வாங்கியிருக்கக் கூடாது. ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் தொழிற்படிப்புக்குச் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் கணிசமான பகுதி குறையும். சாதிக்கும் வருமானத்துக்கும் வரம்பு இல்லாததால், வேறு எந்த உதவித்தொகைக்கும் தகுதி பெறாத பல குடும்பங்களை இது தாங்குகிறது.

மூன்றாவது, போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் கல்விக் கட்டணமும் பராமரிப்புத் தொகையும் கிடைக்கும். 2018இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியபோது நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்கள் விலக்கப்பட்டனர். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் வருமான வரம்பின்றியும், தொழிற்படிப்பில் 2.5 லட்சம் வரம்போடும் மாநில அரசின் உதவித்தொகை உண்டு.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு பள்ளம் இருக்கிறது. முடிவு வந்த மறுவாரமே தனியார் கல்லூரி முகவர்கள் வீடு தேடி வருவார்கள். 'இப்போதே சேர்ந்தால் முதல் வருடம் ஃபீஸில் தள்ளுபடி' என்பார்கள். கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கப் பயந்து, பத்தாயிரம் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடும் அரசுப் பள்ளி மாணவர், முழுக் கட்டணமும் இலவசமாகக் கிடைக்கவிருந்த இடத்தை அந்த நாளிலேயே இழக்கிறார். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு 7.5 விழுக்காடும் இல்லை, முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. கல்லூரிகள் அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் மாணவருக்குக் குறித்த காலத்துக்குள் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. அந்த அறிவிப்பை எடுத்துக்காட்டிச் சான்றிதழை மீட்டவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பு இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம்.

இடையில் விடுபட்டவர்கள்

சலுகைகளின் பட்டியலைப் பார்த்தால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருப்பதுபோலத் தெரியும். அப்படியில்லை. கடன் வாங்குவோரில் பெரும்பகுதி யார் என்று பார்த்தால், ஒரு குறிப்பிட்ட குடும்பம் திரும்பத் திரும்ப வரும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் அல்லது தையல் கடை வைத்திருக்கிறார். அம்மா வீட்டில் அல்லது ஜவுளிக் கடையில் வேலை. பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தெருமுனை மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்தவர்கள். அந்த ஒரு முடிவால் 7.5 விழுக்காடு போயிற்று, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அரசு மாதம் ஆயிரம் தரும் திட்டம் போயிற்று. அண்ணன் ஒரு பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரி சலுகையும் போயிற்று. வருமானச் சான்றில் 2.5 லட்சத்துக்கு மேல் எழுதிவிட்டால் தொழிற்படிப்புக்குச் சாதிவாரி உதவித்தொகையும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு பள்ளிக் கட்டணத்தில் சேமிப்பைத் தீர்த்துவிட்டுக் கல்லூரி வாசலில் வெறுங்கையோடு நிற்பவர்கள் இவர்கள்.

அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் இதே நிலைதான். அங்கே படிப்போர் பெரும்பாலும் அரசுப் பள்ளி மாணவரைப் போலவே ஏழைகள். ஆசிரியர் சம்பளமும் அரசுப் பணம். ஆனால் 7.5 விழுக்காடு அவர்களைச் சேர்க்கவில்லை. இது திருத்தப்பட வேண்டிய அநீதி. மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் அரசு விரித்தது.

எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த மாணவர்களும் 7.5 விழுக்காட்டில் சேர்கிறார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இது ஆறாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஐ.ஐ.டி.யும் என்.ஐ.டி.யும்

மத்திய நிறுவனங்களின் கட்டணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், அங்குள்ள விலக்குகளைப் பார்ப்பதில்லை. ஐ.ஐ.டி. பி.டெக். கல்விக் கட்டணம் 2016 முதல் ஆண்டுக்கு 2 லட்சம். பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அது முழுவதும் விலக்கு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் எல்லாப் பிரிவினருக்கும் முழு விலக்கு. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. என்.ஐ.டி.யிலும் இதே முறை. இந்த நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் முதல் பட்டப்படிப்புச் செலவு முழுவதையும் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. எனவே திருச்சி என்.ஐ.டி.யில் படிப்பது அருகிலுள்ள சுமாரான தனியார் கல்லூரியைவிட மலிவாக முடியலாம். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு ஆகும் செலவுதான் இதில் பெரிய தடை. கல்லூரிக்கு முன்பே, பயிற்சி மையத்துக்காகவே லட்சக்கணக்கில் கடன் வாங்கும் வழக்கம், நீட் 2017இல் கட்டாயமானபின் கிராமங்கள் வரை வந்துவிட்டது.

உதவித்தொகைகளும் காகிதங்களும்

மற்ற உதவித்தொகைகளில் சில குறிப்பிடத்தக்கவை. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) வழங்கும் பிரகதி, அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. வருமான வரம்பு 8 லட்சம் என்பதால் மேலே சொன்ன ஆட்டோக்காரர் மகளுக்கும் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு இதேபோல் சக்ஷம். பிளஸ் டூ தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பையர், ஆண்டுக்கு 80,000. பொதுத்தேர்வில் 80ஆம் சதமானத்துக்கு மேல் வந்தவர்களுக்கு மத்திய அரசு இளநிலையில் ஆண்டுக்கு 12,000 தருகிறது. சிறந்த நிறுவனங்களில் சேரும் பட்டியலின மாணவர்களுக்கு 'டாப் கிளாஸ்' திட்டம், வருமான வரம்பு 8 லட்சம்.

இவற்றில் பணம் கிடைக்காமல் போவதற்குத் தகுதியின்மையைவிடக் காகிதங்களே பெரிய காரணம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு நகரும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் என எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். மாற்றுச் சான்றிதழ் தொலைந்த தாத்தாவுக்கு உறுதிமொழி எழுத வேண்டும். கவுன்சிலிங் தொடங்கிய பிறகு ஓடினால் நேரம் போதாது. பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே, ஜனவரி பிப்ரவரியில் விண்ணப்பித்து வைப்பவர்களுக்கு அலைச்சல் பாதி குறையும்.

அடுத்த சிக்கல் வங்கிக் கணக்கு. உதவித்தொகை இப்போது நேரடியாக மாணவர் கணக்குக்கு வருகிறது. பள்ளியில் எட்டாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு செயலற்றுப் போயிருக்கும், ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கும், ஆதாரில் 'எஸ். கார்த்திக்' என்றும் மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எஸ்' என்றும் இருக்கும். பணம் அனுப்பப்பட்டதாகத் திரையில் காட்டும், கணக்கில் வராது. அதற்குள் கல்லூரி அலுவலகம் 'ஃபீஸ் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை' என்று சொல்லிவிடும். அரசு பணம் தாமதமாகும் இந்த இரண்டு மூன்று மாத இடைவெளிதான், இலவசமாகப் படிக்கத் தகுதியுள்ள பல குடும்பங்களைக் கந்துவட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது.

தங்குதல், சாப்பாடு, பேருந்து

கட்டணம் இல்லாத மாணவருக்கும் வாழ்க்கைச் செலவு உண்டு. வெளியூரில் மூன்றாண்டு தங்கிப் படித்தால் அது கல்விக் கட்டணத்தை மிஞ்சும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகளில் தங்கலும் உணவும் இலவசம். இவற்றுக்கு 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100இலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளையும் வளரும் பிள்ளைக்குச் சத்தாகச் சாப்பாடு போட முடியாது என்பது எந்தச் சமையலறையில் நிற்பவருக்கும் தெரியும். தொகை உயர வேண்டும். ஆனாலும் இந்த விடுதிகள் இல்லையென்றால் தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும்பகுதியினர் பட்டதாரிகளே ஆகியிருக்க மாட்டார்கள்.

2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டமே இப்படி மாற்றப்பட்டது. தாலிக்குத் தங்கம் என்றிருந்த பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் போகிறது. இந்த மாற்றம் சரியான திசையில் எடுத்த அடி. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் அதே தொகை தொடங்கியது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும், வீட்டிலிருந்தே கல்லூரி போகும் மாணவிக்கு மூன்றாண்டில் கணிசமான மிச்சம்.

சம்பாதித்துக்கொண்டே படிப்பது

பத்தாம் வகுப்புக்குப் பின் அரசு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ, பிறகு வேலை, வேலையோடு பகுதிநேர பி.இ. என்பது கோவை, சேலம் பக்கம் பலர் நடந்து தேய்த்த பாதை. டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் ஓராண்டுக் கட்டணம் மிச்சம். இருபது வயதில் கையில் தொழிலும் சம்பளமும் வந்துவிடுவதால், பட்டத்துக்கான பணத்தை மாணவரே கட்ட முடிகிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவரை மட்டும் 'படிக்கிற பிள்ளை' என்று எண்ணும் பழக்கத்தால் இந்தப் பாதைக்குரிய மரியாதை கிடைக்கவில்லை.

தொலைநிலைக் கல்வியில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் குறைந்த கட்டணத்தில் பட்டம் தருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் நடத்தும் இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தில், எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம் கட்டலாம். வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 விழுக்காடு வரை விலக்கு உண்டு. பகலில் அரசுக் கல்லூரியில் ஒரு பட்டம், இரவில் இது என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிறுவனங்களின் திட்டங்கள் இன்னொரு கிளை. எச்.சி.எல். டெக்பீ, பிளஸ் டூ முடித்தவரைப் பயிற்சிக்குப் பின் வேலையில் சேர்த்து, வேலையோடு பட்டம் படிக்க வைக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். விப்ரோ, பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களைச் சேர்த்து உதவித்தொகையோடு எம்.டெக். படிக்க வைக்கிறது. ஜோஹோ பள்ளி பட்டம் தருவதில்லை. கட்டணமும் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறது. இவற்றில் சேரும் முன், இத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அறக்கட்டளைகளும் உண்டு. நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய 'விதை' திட்டம், பெற்றோரை இழந்தோர் உட்படப் பின்தங்கிய மாணவர்களுக்குக் கல்லூரி இடமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்கிறது. ஊர்ச் சங்கங்கள், சாதி மகமைகள், கல்லூரி முன்னாள் மாணவர் மன்றங்கள் சிறு தொகைகள் தருகின்றன. இவை நல்லவை, ஆனால் விண்ணப்பிப்போரில் சிலருக்கே கிடைப்பவை. திட்டமிடும் குடும்பம் இவற்றை நம்பிச் சீட்டு எடுக்கக் கூடாது.

வங்கியில் இல்லாத கடன்

கல்விக்கடன் இல்லை என்பதாலேயே கடனில்லை என்று ஆகிவிடாது. வங்கியில் மேலாளர் அலைக்கழித்ததாலோ, வாங்கினால் பிள்ளையின் தலையில் விழுமே என்ற தயக்கத்தாலோ, பல பெற்றோர் கல்விக்கடனைத் தவிர்த்து வேறு கடன் வாங்குகிறார்கள். அம்மாவின் வளையல் நகைக்கடன் கவுன்ட்டருக்குப் போகும். சுய உதவிக் குழுவில் ஒரு சுற்று, நுண்கடன் நிறுவனத்தில் ஒரு கடன், தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு ஐம்பதாயிரம், சீட்டை முன்னதாகத் தள்ளி எடுத்தது என்று நான்கு துண்டாகக் கடன் இருக்கும். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. கல்விக்கடனைப் போல ஐந்தாண்டுப் பொறுமை அதற்கு இல்லை. அடுத்த மாதமே வட்டி கேட்கும். மாணவர் கடனில்லாமல் பட்டம் வாங்கியிருப்பார். வீடு கடனில் இருக்கும். அந்த வீட்டுக் கடனை அடைக்கும் பொறுப்பும் கடைசியில் அவர் முதல் சம்பளத்தில்தான் வந்து நிற்கும்.

அரியரும் ஒரு வகைக் கடன்தான். பொறியியலில் நான்காண்டில் முடிக்காதவர் தேர்வுக் கட்டணம், பயணம், அறை என்று செலவழித்துக்கொண்டு, பட்டம் கையில் இல்லாததால் நல்ல வேலைக்கும் போக முடியாமல் ஓரிரு ஆண்டை இழக்கிறார். தமிழ் வழியில் படித்து முதலாண்டு ஆங்கிலக் கணிதத்தில் திணறும் பிள்ளைக்கு அந்த முதல் பருவத்தில் கிடைக்கும் உதவி, எந்த உதவித்தொகைக்கும் குறையாத மதிப்புள்ளது.

முதுநிலையும், தவிர்க்க முடியாத கடனும்

முதுநிலைக்குக் கடன் வாங்க வேண்டிய தேவை இளநிலையைவிடக் குறைவு. கேட் தேர்வு வழியே எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று ஆய்வு செய்பவருக்கு மாதம் 37,000. அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் எம்.ஏ., எம்.எஸ்சி. கட்டணம் இன்னும் தாங்கக்கூடிய அளவில் இருக்கிறது. முதுநிலைக்குப் பெருங்கடன் என்பது பெரும்பாலும் வெளிநாட்டுப் படிப்புக்கும் தனியார் எம்.பி.ஏ.வுக்கும்தான்.

எல்லா வழியும் பார்த்த பிறகும் ஒரு பகுதிக்குக் கடன் தேவைப்பட்டால், கைமாற்றையும் நகைக்கடனையும்விட வங்கிக் கல்விக்கடனே மேல். கல்விக் கட்டணத்துக்கு மட்டும் வாங்கினால் அசல் சிறுக்கும். படிக்கும்போதே மாதம் 1,000 ரூபாய் வட்டிக்குக் கட்டிவந்தால், முதலில் போட்ட கணக்கின் 1,40,000இல் 48,000 குறைந்துவிடும். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னிற்கும் 860 நிறுவனங்களின் மாணவர்களுக்குப் பிணையின்றிக் கடனும், வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால் அக்காலத்து வட்டி முழுவதும் மானியம். அப்படிக் கிடைத்தால் மேற்சொன்ன கடன் தவணை தொடங்கும் நாளில் 5,40,000 ஆக இராமல் 4,00,000 ஆகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 5,290. இந்த மானியம் தானாக வருவதில்லை. வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, கணக்கு மானியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு முறை மட்டுமே, இளநிலைக்கோ முதுநிலைக்கோ ஏதேனும் ஒன்றுக்கே கிடைக்கும். படிப்பை இடையில் நிறுத்தினால் மானியமும் நின்றுவிடும்.